ஏழு ஈற்றுக்குப் பிறகு சினை நிற்காத பெட்டைக்குதிரை: ஒரு நிகழ்வு ஆய்வு

நான் கால்நடை மருத்துவர். நான் வழக்கமாகப் போய்வரும் ஒரு சிறிய குதிரை லாயத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர் எதுவும் இதில் இல்லை. என் கவனக்குறைவும் இதில் ஒரு பங்கு என்பதால் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

பின்னணி

லாயத்தில் நான்கு பெட்டைக்குதிரைகள். அதில் மூத்தது செம்பழுப்பு நிறத்தில் ஒன்று. நல்ல வம்சம், சாதுவான குணம், குட்டிகளை நன்றாக வளர்க்கும். ஆறு வயதில் முதல்முறை சினைக்கு விட்டார்கள், ஏழு வயதில் முதல் குட்டி. அதன்பிறகு ஒரு வருடம்கூடத் தவறவில்லை. பதின்மூன்று வயதில் ஏழாவது குட்டியைப் போட்டது. உரிமையாளர் அதைப் பற்றிப் பெருமையாகவே பேசுவார். "மத்ததுங்க எல்லாம் ஒரு வருஷம் பிடிக்கும், ஒரு வருஷம் விடும். இது அப்படி இல்ல டாக்டர், கணக்கு தப்பாது" என்பார்.

அந்தக் கணக்கு என்ன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாள். வருடத்துக்கு 365 நாள். ஒரு பெட்டை ஆண்டுதோறும் ஒரே காலத்தில் குட்டி போட வேண்டுமென்றால், ஈன்ற 25 நாளுக்குள் அது மறுபடியும் சினையாக வேண்டும். குட்டி பிறந்த ஒரு வாரம் பத்து நாளில் வரும் முதல் பருவத்தில் விட்டால்தான் இது பெரும்பாலும் நடக்கும். அது தவறினால் அடுத்தது மூன்று வாரம் கழித்துத்தான். இந்தப் பெட்டையையும் பெரும்பாலும் அந்த முதல் பருவத்திலேயே விட்டிருந்தார்கள்.

பின்னாளில் நானும் உரிமையாளரும் உட்கார்ந்து ஏழு குட்டிகளின் பிறந்த தேதிகளையும் எழுதிப் பார்த்தோம். முதல் ஈற்றுக்கும் ஏழாவது ஈற்றுக்கும் நடுவே ஆறு இடைவெளிகள். அந்த ஆறு வருடத்தில் வயிற்றில் கரு இல்லாமல் அது இருந்தது மொத்தம் ஏறக்குறைய 160 நாள். அந்த 160 நாளும் காலடியில் பிறந்த குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாட்கள். பாலும் இல்லாமல் சினையும் இல்லாமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை. எழுதி முடித்ததும் உரிமையாளர் அந்தக் காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது ஈற்றும் அதன்பின் மூன்று மாதமும்

ஏழாவது குட்டி உயிரோடும் ஆரோக்கியமாகவும் பிறந்தது. ஆனால் எடை 38 கிலோ. முந்தைய குட்டிகள் 45 கிலோவுக்குக் குறைந்ததில்லை. குதிரைக்குட்டி பிறக்கும்போது தாயின் எடையில் பத்தில் ஒரு பங்கு இருப்பது வழக்கம் என்பதால் இந்த வித்தியாசம் சின்னது இல்லை. நஞ்சுக்கொடியும் தாமதமாக விழுந்தது. மூன்று மணி நேரத்துக்குள் விழ வேண்டும். இதற்கு ஐந்து மணி நேரம் ஆனது, கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி போட்ட பிறகே வந்தது. குதிரைக்கு நஞ்சுக்கொடி தங்கினால் கருப்பையில் நோய் பரவுவதோடு குளம்பு அழற்சியும் வரலாம் என்பதால் அன்றிரவே கருப்பையைக் கழுவினேன். காய்ச்சல் வரவில்லை. சரி, தப்பித்தது என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் வழக்கம்போலப் பொலிக்குதிரைக்கு விட்டார்கள். ஈன்ற கருப்பை பழைய நிலைக்குத் திரும்பி, உள்ளிருக்கும் திரவமெல்லாம் வடிய இரண்டு வாரம் பிடிக்கும். நஞ்சுக்கொடி தாமதமான ஈற்றில் இன்னும் கூடுதலாகும். பத்து நாளுக்கு முன்பே முட்டை வெளிப்பட்டால், கரு கருப்பைக்குள் இறங்கும் நேரத்தில் அந்த இடம் இன்னும் தயாராகியிருக்காது. நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும். "இது எப்பவும் பிடிச்சுக்கும்" என்ற அவர்களுடைய நம்பிக்கையை நானும் பாதி நம்பியிருந்தேன்.

விட்ட பதினைந்தாம் நாள் ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிந்தது, அதற்குள் கருவும் இருந்தது. இருபத்தெட்டாம் நாள் பார்த்தபோது இதயத் துடிப்பு தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, கருப்பையில் கொஞ்சம் திரவம் மட்டும். கரு கலைந்திருந்தது.

அடுத்து பருவத்துக்கு வந்ததும் மறுபடி விட்டார்கள். மறுநாள் கருப்பைக்குள் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத் திரவம். மாதிரி எடுத்து அனுப்பினேன், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமி வளர்ந்தது. ஆன்டிபயாடிக் விட்டேன். சினை பிடிக்கவில்லை. மூன்றாவது முறையும் அதே கதை, அதே திரவம். இந்தத் தடவை வளர்ந்த கிருமி வேறு: இ.கோலி. சாணத்தில் இருப்பது. அதற்கு ஏற்ற வேறொரு ஆன்டிபயாடிக் விட்டேன்.

என் பிழை இங்கேதான். கிருமியின் பெயர் மாறியதுமே, இது எந்த வழியாக உள்ளே வருகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். மருந்தை மாற்றினேன், கேள்வியை மாற்றவில்லை. மூன்று மாதமாக ஸ்கேன் கருவியின் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், குதிரையைப் பார்க்கவில்லை.

உடலை முழுதாகப் பார்த்த நாள்

மூன்றாவது முறையும் சினை இல்லை என்று உறுதியான அன்று, குட்டியின் முன்னங்காலைப் பார்க்கச் சொன்னார்கள். குட்டி தனியாக ஓடாது என்பதால் தாயையும் கூடவே ஓடவிட்டோம். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் தாயைப் பிடித்து ஓட்டினார். அது என்னைத் தாண்டிப் போகும்போது, பின்பக்கத்திலிருந்து அடிக்கொருதரம் ஒரு சத்தம். ஈரமான துணியை உதறினால் வருமே, அதுபோல.

"இந்தச் சத்தம் எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது காத்து இழுக்கற சத்தம் டாக்டர். போன குட்டிக்கு முன்னாடியே இருந்துச்சு. வயசாச்சு இல்ல, அதான்னு விட்டுட்டேன்."

அவரிடம் அதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

குதிரையை லாயத்துக்குள் கொண்டுபோய், சேணம் துணி எல்லாம் எடுத்துவிட்டு, முதல்முறை பார்க்கும் குதிரையைப் போலத் தலையிலிருந்து ஆரம்பித்தேன்.

பக்கவாட்டில் பார்த்தால் அது மெலிந்த குதிரையாகத் தெரியாது. வயிறு உருண்டு தொங்கியது. எல்லோரையும் ஏமாற்றியது அந்த வயிறுதான். ஏழு சினை சுமந்து நெகிழ்ந்துபோன வயிற்றுத் தசை, அதற்குள் சத்துக் குறைந்த முரட்டுப் புல், அவ்வளவே. கையை விலா மேல் வைத்ததும் ஒவ்வொரு எலும்பும் விரலுக்கிடையில் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் சதை இறங்கி, நடுவில் ஒரு வரப்புபோல எலும்பு நின்றது. தோள்மேட்டுக்கும் இடுப்புக்கும் நடுவே முதுகு குழிந்திருந்தது. வாலின் அடியில் கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்.

குதிரையின் உடல் நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் ஹென்னெகி முறை 1983 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கழுத்து, தோள்மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வால் அடி என ஆறு இடங்களைத் தொட்டுப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சினைக்கு விடும் பெட்டை 5-க்குக் கீழே இருக்கக் கூடாது, 6 இருந்தால் நிம்மதி. இதற்கு நான் கொடுத்தது 3. நாடாவால் மார்புச் சுற்றளவும் நீளமும் அளந்து எடையைக் கணக்கிட்டோம்: 408 கிலோ. நல்ல நிலையில் 470-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய உடல்வாகு.

அடுத்து வாலைத் தூக்கிப் பார்த்தேன். ஆசனவாய் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதனால் பெண்குறியின் மேற்பகுதியும் முன்னோக்கிச் சாய்ந்து, நேராகச் செங்குத்தாக இருக்க வேண்டிய உதடுகள் ஒரு சரிவான படிபோல ஆகிவிட்டன. சாணி போட்டால் அந்தப் படியின் மேலேயே விழும். அன்றும் காய்ந்த சாணித்துகள் அங்கே ஒட்டியிருந்தது. உதடுகளின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இடுப்பெலும்பின் தளத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இதற்குப் பாதிக்கு மேல் அந்த எலும்புக்கு மேலே போயிருந்தது. விரலால் உதடுகளை லேசாக விலக்கியதுமே காற்று உள்ளே போகும் ஓசை கேட்டது.

கருப்பைக்கு வெளியே இயற்கை மூன்று கதவுகள் வைத்திருக்கிறது. வெளியே உதடுகள், கொஞ்சம் உள்ளே ஒரு மடிப்பு, கடைசியாகக் கருப்பை வாய். ஈற்றுக்கு ஈற்று இந்த மூன்றும் விரிந்து, நெகிழ்ந்து, சில சமயம் கிழிந்து ஆறும். உடலில் கொழுப்பும் சதையும் இருக்கும்வரை சுற்றியுள்ள திசு அவற்றைத் தாங்கிப் பிடிக்கும். மெலிந்தால் அந்தத் தாங்கல் போய்விடுகிறது. இந்தக் குதிரைக்கு முதல் இரண்டு கதவும் சரியாக மூடுவதில்லை. ஓடும்போதெல்லாம் காற்றும் அதோடு சாணித்தூசியும் உள்ளே போய்க்கொண்டிருந்தன. நான் போட்ட ஆன்டிபயாடிக் கிருமியைக் கொன்றிருக்கும்; அடுத்த நாளே வேறு கிருமி உள்ளே வந்திருக்கும்.

உள் பரிசோதனையில் கருப்பை இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டி வயிற்றுக்குள் தொங்கியது. இளம் பெட்டைகளில் அது ஓரளவு கிடைமட்டமாக இருக்கும், பின்பக்கமாகத் திரவம் வடிவது எளிது. தொங்கிய கருப்பை கிணறுபோல. சுருங்கும் வலுவும் குறைந்துவிட்டால் உள்ளே சேர்வது வெளியே வராது. குதிரையில் விந்து விழுவது கருப்பைக்குள்ளேயே என்பதால், இணைந்த பிறகு கொஞ்சம் அழற்சி வருவது இயல்பான விஷயம்தான். ஆரோக்கியமான கருப்பை அதை இரண்டு நாளுக்குள் வெளியேற்றிவிடும். இதனால் முடியவில்லை.

கடைசியாக வாய். கடைவாய்ப் பற்களில் இரண்டு பக்கமும் கூர்மையான விளிம்புகள், ஒரு பக்கம் கன்னத்தில் ஆறிவரும் புண். தீவனத் தொட்டிக்குக் கீழே பார்த்தேன். மென்று பாதியில் துப்பிய புல் உருண்டைகள், கயிறுபோல முறுக்கி, ஏழெட்டு கிடந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன்; புல் தண்டு முழுசாகவே இருந்தது, நசுங்கக்கூட இல்லை.

தீவனக் கணக்கு

அன்றைக்கே தீவனத்தை எடை போட்டோம். முரட்டுக் காய்ந்த புல், இரண்டு கிலோ ஓட்ஸ். அவ்வளவுதான். லாயத்தில் சும்மா நிற்கும் குதிரைகளுக்கும் இதே அளவு. யாரும் கஞ்சத்தனமாக இருந்ததால் அப்படி இல்லை. எல்லாக் குதிரைக்கும் ஒரே கொள்கலனில் அளந்து போடும் பழக்கம், அவ்வளவே.

500 கிலோ பெட்டைக்குதிரை சும்மா நின்றால் நாளுக்கு ஏறக்குறைய 16.7 மெகாகலோரி செரிக்கத்தக்க ஆற்றல் போதும். சினையின் கடைசி மாதத்தில் அது 21-க்கு மேல் போகும். ஈன்ற முதல் மாதத்தில் 31.7. கிட்டத்தட்ட இரட்டிப்பு. சுண்ணாம்புச் சத்து 20 கிராமிலிருந்து 59 கிராம் வரை ஏறும். புரதத் தேவையும் இரண்டு மடங்குக்கு மேல். காரணம் பால். முதல் மூன்று மாதம் ஒரு பெட்டை தன் எடையில் 3 சதவீதம் அளவுக்குப் பால் சுரக்கும், அதாவது நாளுக்கு 15 கிலோ வரை. பசுவைப்போல நாம் கறந்து அளப்பதில்லை என்பதால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. குட்டி மணிக்குப் பலமுறை குடித்துக்கொண்டே இருக்கும்.

தீவனத்தில் இல்லாததை உடல் தன்னிலிருந்து எடுத்துக் கொடுக்கும். முதலில் கொழுப்பு, பிறகு முதுகுச் சதை; சுண்ணாம்பு போதாதபோது எலும்பிலிருந்தும் எடுக்கும். பால் வற்றி, சினையின் நடு மாதங்களில் கொஞ்சம் திரும்பச் சேர்க்கும். அதற்குள் கடைசி மூன்று மாதம் வந்துவிடும். குட்டியின் எடையில் பாதிக்கு மேல் அந்த மூன்று மாதத்தில்தான் கூடுகிறது. இந்தக் குதிரை ஏழு வருடமும் முழுதாகச் சேர்த்து முடிப்பதற்குள் மறுபடி கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் குறைந்தது கொஞ்சம்தான், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. உரிமையாளரின் பழைய புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது மூன்றாவது குட்டியின்போதே முதுகு இறங்கத் தொடங்கியிருந்தது தெரிந்தது.

திசுப் பரிசோதனையும் முடிவும்

கருப்பையின் உள்சுவரிலிருந்து சிறு துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். கென்னி என்ற ஆய்வாளர் 1978-ல் வகுத்து, பின்னர் 1986-ல் டாய்க் என்பவரோடு சேர்ந்து விரிவாக்கிய பிரிவுகள் இதற்கு இருக்கின்றன: 1, 2ஏ, 2பி, 3. முதல் பிரிவில் குட்டி கிடைக்கும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல். 2பி-யில் 10 முதல் 50 வரை. மூன்றில் 10 சதவீதம். இதற்கு வந்தது 2பி. அழற்சிச் செல்கள் நிறைய, சுரப்பிகளைச் சுற்றி நார்த்திசு, ரத்தக் குழாய்ச் சுவர்கள் தடித்திருந்தன.

இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் தொடர் ஈற்றின் மேல் போட முடியாது. சுரப்பிகளைச் சுற்றி நார் படிவது வயதோடு அதிகம் தொடர்புடையது. ஒரு குட்டிகூடப் போடாத வயதான பெட்டைகளிலும் அது காணப்படுகிறது. ரத்தக் குழாய்ச் சுவர் தடிப்பது ஈற்றின் எண்ணிக்கையோடு அதிகம் சேர்ந்து வருகிறது. அதேபோல, நல்ல தீவனமும் நல்ல இடுப்பமைப்பும் உள்ள பெட்டைகள் பல வருடம் தொடர்ந்து ஈன்றும் திடமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் குதிரைக்கு வயது, ஈற்று, பசி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

உரிமையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வருடத்தின் இனப்பெருக்கக் காலம் முடிய இன்னும் நாள் இருந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை விட்டுப் பாக்கலாமா டாக்டர்? இந்த வருஷம் வீணாப் போகுதே" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. அந்த லாயம் குட்டிகளை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் இரண்டு. இப்போதைய நிலையில் பிடித்தாலும் நிற்காது. தப்பித் தவறி நின்றால் அது இன்னும் மோசம். 3 மதிப்பெண்ணில் இருக்கும் உடல் இன்னொரு சினையைச் சுமந்து குளிர் காலத்தைக் கடக்க வேண்டியிருக்கும். வயதான, பல ஈற்று கண்ட பெட்டைகளில் ஈனும்போது கருப்பைத் தமனி வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டி இறப்பது நடக்கிறது. தடித்த குழாய்களைத் திசுப் பரிசோதனையில் பார்த்த பிறகு அந்தப் பயம் எனக்கு இருந்தது.

கருவை எடுத்து வேறு பெட்டையின் வயிற்றில் வைக்கும் முறையையும் பேசினோம். அதற்கு ஒரே நேரத்தில் பருவத்துக்கு வரும் வாடகைத் தாய்கள் வேண்டும், அங்கே அந்த வசதி இல்லை. அதுவுமில்லாமல் இந்தக் கருப்பை கருவை ஏழெட்டு நாளாவது வைத்துக்கொள்ள வேண்டும். அழற்சி தீராமல் அதுவும் சந்தேகம்தான்.

கடைசியில் எடுத்த முடிவு: அடுத்த இனப்பெருக்கக் காலம் வரை சினைக்கு விடுவதில்லை. குட்டியை ஐந்து மாதத்தில் பிரிப்பது. பற்களை உடனே சரிசெய்வது, சாணத்தில் புழு முட்டை எண்ணிக்கை பார்த்து மருந்து கொடுப்பது. தீவனத்தை மாற்றுவது. பின்பக்கக் கதவைத் தைப்பது. பெரியவர்தான் முதலில் தலையாட்டினார். "ஒரு வருஷம் அது சும்மா நிக்கட்டும்மா" என்றார் உரிமையாளரிடம்.

ஓய்வு வருடம்

பற்களை உரசிச் சரிசெய்த மூன்றாம் நாளே தொட்டிக்குக் கீழே உருண்டைகள் நின்றுவிட்டன. முரட்டுப் புல்லுக்குப் பதில் இளசாக அறுத்துக் காயவைத்த புல்லும், அதோடு குதிரைமசாலும் கொடுத்தோம். தானியத்தை ஒரே வேளையில் கூட்டவில்லை. ஒரு வேளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் போகாமல் மூன்று வேளையாகப் பிரித்து, இரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றினோம். ஊறவைத்த சர்க்கரைக் கிழங்குச் (சுகர் பீட்) சக்கையும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்தோம். தானியத்தை அள்ளிக் கொட்டாமல் ஆற்றலைக் கூட்ட அது நல்ல வழி. தாது உப்புக் கலவை தினமும்.

வெளி உதடுகளின் மேற்பகுதியை இடுப்பெலும்பின் தளம் வரை தைத்து மூடினேன். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் காஸ்லிக் 1937-ல் வெளியிட்ட முறை, இன்றுவரை அதுதான் பழக்கத்தில் இருக்கிறது. நின்ற நிலையில், மரத்துப்போகும் ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. தைத்துவிட்டு ஓடவைத்துப் பார்த்தோம். சத்தம் இல்லை. பெரியவர் இன்னொரு சுற்று ஓட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார்.

குட்டியைப் பிரித்த வாரம் தானியத்தைக் குறைத்து மடி வற்றவிட்டோம், பிறகு பழைய அளவுக்கு ஏற்றினோம். ஒரு மதிப்பெண் ஏற 16 முதல் 20 கிலோ சதை கூட வேண்டும். நிதானமாகப் போனால் இரண்டு மாதத்துக்கு ஒரு மதிப்பெண் என்பதே நல்ல வேகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெரியவர் நாடாவால் அளந்து ஒரு நோட்டில் எழுதினார். முதல் மாதம் எடை அசையவே இல்லை. உரிமையாளர் கவலைப்பட்டார், எனக்கும் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. குட்டியைப் பிரித்த பிறகு ஏறத் தொடங்கியது. ஏழு மாதத்தில் 408-லிருந்து 465-க்கு வந்தது, மதிப்பெண் 6. மங்கிப்போயிருந்த மயிர் உதிர்ந்து புதிதாக வந்த மயிர் மினுமினுத்தது. குளம்பின் மேற்பகுதியில், தோலை ஒட்டிப் புதிதாக வளர்ந்த பாகம் கீழே இருந்த பழையதைவிட வழவழப்பாக இருந்தது. எந்த மாதம் தீவனம் மாறியது என்பதை இரண்டும் சேரும் கோடே காட்டியது. வால் அடியில் கொழுப்பு சேர்ந்ததும் ஆசனவாய் வெளியே வந்து, சாய்வும் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தது.

முதுகின் குழிவு அப்படியே இருந்தது. பக்கச் சதை நிரம்பியதால் முன்போல் எடுப்பாகத் தெரியவில்லை, ஆனால் முதுகெலும்புகளைப் பிணைக்கும் நார் தளர்ந்தால் திரும்ப இறுகாது. வயிற்றின் தொங்கலும் பாதிதான் ஏறியது.

மறுபடி சினைக்கு

அடுத்த இனப்பெருக்கக் காலம் தொடங்கும் முன் மாதிரி எடுத்தேன், கிருமி வளரவில்லை. திசுப் பரிசோதனையும் மீண்டும் செய்தோம். அழற்சிச் செல்கள் பெரிதும் குறைந்திருந்தன. நாரும் தடித்த குழாய்களும் மாறவில்லை. பிரிவு மறுபடி 2பி தான். சதை திரும்பிவிட்டது, கருப்பையின் வயது திரும்பவில்லை என்று உரிமையாளரிடம் சொன்னேன். அவர் ஒரு குட்டி மட்டும் எடுக்க விரும்பினார். உடல் அதைத் தாங்கும் என்று பட்டதால் நானும் சரி என்றேன், சில நிபந்தனைகளோடு.

ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை மட்டும், முட்டை வெளிவரும் நேரத்துக்கு முடிந்தவரை ஒட்டி. தையல் இருந்ததால் விடுவதற்கு முன் அதைத் திறந்து, பிறகு மறுபடி போட்டோம். இணைந்த ஆறாவது மணி நேரத்தில் ஸ்கேன் செய்தேன், திரவம் இருந்தது. எதிர்பார்த்ததுதான். வெதுவெதுப்பான கழுவுநீரை லிட்டர் லிட்டராக விட்டு, வெளியே வருவது தெளிகிறவரை கழுவினேன். விந்தணுக்கள் நான்கு மணி நேரத்துக்குள் கருக்குழாய்க்குப் போய்விடும் என்பதால் அதற்குப் பிறகு கழுவுவதால் நஷ்டம் இல்லை. கழுவி முடித்ததும் ஆக்ஸிடோசின், மறுநாளும் அதே. ஆன்டிபயாடிக் போடவில்லை.

முதல் பருவத்தில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் பிடித்தது. பதினைந்தாம் நாள் கரு, இருபத்தெட்டாம் நாள் இதயத் துடிப்பு. அந்தச் சின்னத் துடிப்பைத் திரையில் காட்டியபோது பெரியவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

சினை முழுக்க மாதம் ஒருமுறை எடை பார்த்தோம். ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பு தையலைப் பிரித்தேன். அதை மறந்தால் ஈனும்போது கிழிந்துவிடும். 346-ஆவது நாள் இரவு ஈன்றது. குட்டி 46 கிலோ. நஞ்சுக்கொடி ஒரு மணி நேரத்தில் விழுந்தது, எடை போட்டுப் பார்த்தோம், குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், சரியான அளவு. தமனி பயத்தால் நான் விடியும்வரை அங்கேயே இருந்தேன். ஈறுகளின் நிறம் வெளுக்கிறதா, நாடித் துடிப்பு ஏறுகிறதா, வியர்க்கிறதா என்று அரை மணிக்கொருமுறை பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பருவத்துக்கு வந்தது. விடவில்லை.

இனி மாற்றிச் செய்வது

அந்த லாயத்தில் இப்போது நடைமுறை மாறியிருக்கிறது. ஈன்ற முப்பதாம் நாள் ஒவ்வொரு பெட்டையையும் தொட்டுப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 5-க்குக் கீழே இருந்தால் அந்த வருடம் சினை இல்லை. நஞ்சுக்கொடி தாமதமானாலோ, கருப்பையில் திரவம் தங்கினாலோ முதல் பருவத்தில் விடுவதில்லை. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவற்றுக்கு ஒரு வருடம் விட்டு ஒரு வருடம். பால் கொடுக்கும் பெட்டைக்குத் தனி அளவுக் கொள்கலன், அதில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

என் பக்கத்தில் மாறியது இது: சினை நிற்கவில்லை என்று கூப்பிட்டால் ஸ்கேன் கருவியை வண்டியிலேயே வைத்துவிட்டு முதலில் விலாவைத் தொடுகிறேன், வாலைத் தூக்குகிறேன், வாயைத் திறக்கிறேன், தொட்டிக்குக் கீழே குனிந்து பார்க்கிறேன். குதிரையோடு நாள் முழுக்க இருப்பவரிடம் அது ஓடும்போது, சாப்பிடும்போது என்ன மாறியிருக்கிறது என்று கேட்கிறேன். திரும்பத் திரும்பத் திரவம் வந்தால், ஆன்டிபயாடிக்குக்கு முன் அது எந்த வழியாக வருகிறது, ஏன் வெளியேறவில்லை என்ற இரண்டுக்கும் விடை தேடுகிறேன். ஏழாவது ஈற்றுக்கு முந்தைய வருடமே இதைச் செய்திருந்தால் முதுகில் ஒரு பகுதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எட்டாவது குட்டியை ஆறு மாதத்தில் பிரித்தார்கள். பிரிக்கும்போது தாயின் மதிப்பெண் 5. உரிமையாளர் அதை இனி சினைக்கு விடப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். இப்போது தாயைப் பிரிந்த குட்டிகளைச் சேர்த்து விடும் மேய்ச்சல் நிலத்தில் அதையும் கூட விடுகிறார்கள். புதிதாக வந்த குட்டிகள் முதல் இரண்டு நாள் கத்திக்கொண்டு வேலியோரம் ஓடும். இது நடுவில் நின்று மேய்ந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் அவை அதன் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும். பெரியவர் இன்னும் மாதம் ஒருமுறை நாடாவை எடுத்துக்கொண்டு போகிறார். போன மாதம் அளந்தபோது நோட்டில் எழுதியிருந்தது 472.